‘பாஸ்ட்யுமஸ்’ நூலுக்கு ஒரு சொல் வேண்டும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

எழுத்தாளர்களின் வாழ்க்கையைப் பற்றி ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்காக நான் தொகுத்துவரும் சொற்பட்டியல் ஏறக்குறைய முடிந்துவிட்டது. பென் நேமுக்குப் புனைபெயர், ஆட்டோபயோகிராபிக்குத் தன்வரலாறு, மெமாய்ருக்கு நினைவுக்குறிப்பு. இவற்றுக்காக யாரும் தூக்கம் கெட வேண்டியதில்லை. ‘ப்ராலிஃபிக் ரைட்டர்’ வரும் இடத்தில் ‘எழுதிக் குவித்தவர்’ என்று போட்டேன். ‘வளமிகு எழுத்தாளர்’ என்று அகராதி நடையில் எழுதினால் அவருக்கு நிலம் நீச்சு இருப்பதாகத் தோன்றும். பிறர் பெயரில் எழுதித் தரும் கோஸ்ட் ரைட்டருக்கு ‘ஆவி எழுத்தாளர்’ என்று ஒருவர் அனுப்பியிருந்தார். பேய்க்கதை எழுதுபவர் என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள். ‘மறைவெழுத்தாளர்’ என்று மாற்றினால் காலமான எழுத்தாளர் வந்து நிற்கிறார். அதை இன்னொரு நாள் பார்ப்போம்.

வண்டி சிக்கிக்கொண்டு நிற்பது பாஸ்ட்யுமஸில், அதாவது ஒருவர் மறைந்தபின் வரும் நூலையும் விருதையும் குறிக்கும் சொல்லில்.

அந்த ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்கூட்டே ஒரு தப்பில் வந்தது. இலத்தீனில் ‘போஸ்டுமுஸ்’ என்றால் கடைசியானது, எல்லாவற்றுக்கும் பிந்தியது, அவ்வளவுதான். தந்தை இறந்தபின் பிறந்த பிள்ளையை அப்படிக் குறித்தார்கள். அப்புறம் அந்தச் சொல்லுக்குள் மண்ணைக் குறிக்கும் ‘ஹுமுஸ்’ ஒளிந்திருப்பதாக நினைத்துக்கொண்டு நடுவில் ஒரு ஹகரத்தைச் செருகிவிட்டார்கள். மண்ணுக்குள் போனபின் என்று பொருளும் பொருந்திப்போனதால் அது அங்கேயே தங்கிவிட்டது. எழுத்தில்தான் நிற்கிறது, ஆங்கிலத்தில் அதை ஒலிப்பதில்லை. நம்மில் பலர் போஸ்ட்-ஹ்யூமஸ் என்று இரண்டாக உடைத்துச் சொல்வது அந்த ஹகரத்தை நம்பித்தான். நானும் கல்லூரிக் காலம் முழுக்க அப்படித்தான் சொன்னேன்.

பழைய பொருளுக்குப் பரீட்சித்து நல்ல எடுத்துக்காட்டு. அபிமன்யு களத்தில் விழுந்தபோது அவன் உத்தரையின் வயிற்றில் இருந்தான். பிள்ளைக்கு வைத்த சொல்லை ஆங்கிலம் நூலுக்கும் விருதுக்கும் நீட்டிக்கொண்டது. நமக்கும் மூன்றுக்குமாக ஒரே சொல் வேண்டுமா? வேண்டாம் என்பது என் எண்ணம். கல்கி 1954 டிசம்பரில் காலமானார். ‘அலை ஓசை’க்காக 1956ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது அவருக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. இந்த வாக்கியத்தில் என்ன குறை? ஒன்றுமில்லை. வினையைத் தழுவி வரும் இடங்களில் ‘மறைவுக்குப் பின்’ தாராளமாகப் போதும். நன்றாக ஓடும் வாக்கியத்தை நிறுத்திக் கலைச்சொல்லைச் செருகும் பழக்கம் நமக்கு உண்டு; அதை இங்கே செய்ய வேண்டாம்.

நூல்களின் பெயராக நிற்கும்போதுதான் தொல்லை. காஃப்கா 1924இல் இறந்தார். அவருடைய மூன்று நாவல்களும் 1925, 1926, 1927 என்று வரிசையாக அதற்குப் பின்னர்தான் வந்தன. எமிலி டிக்கின்சன் 1886இல் இறந்தார், முதல் கவிதைத் தொகுதி 1890இல். இவர்களுடைய வாழ்க்கையை எழுதும்போது ‘மறைவுக்குப் பின் வெளிவந்த நூல்கள்’ என்று ஒருமுறை எழுதலாம். பக்கத்துக்கு நான்கு தடவை எழுதினால் கை வலிக்கிறது, படிப்பவருக்கும் சலிக்கிறது. அட்டவணைத் தலைப்பில் இடமே பற்றவில்லை.

இதுவரை வந்தவற்றுள் ‘பின்மறைவு நூல்’ பலருக்குப் பிடித்திருக்கிறது. எனக்கு ஒத்துவரவில்லை. முன்னிரவு என்றால் இரவுக்கு முந்தியது அல்ல, இரவின் முற்பகுதி. பின்பனி பனிக்குப் பிந்தியது அல்ல. அந்தக் கணக்கில் பின்மறைவு என்பது மறைவின் பிற்பகுதி ஆகிவிடும். மறைவுக்கு ஏது பிற்பகுதி? பின்நவீனத்துவம் இருக்கிறதே என்பீர்கள். அது ஆங்கில ‘போஸ்ட்’டைப் பார்த்து ஒட்டியது, பழகிவிட்டது, இருந்துவிட்டுப் போகட்டும். ‘இல்முன்’ முன்றில் ஆனதுபோல இதுவும் இலக்கணப்போலி என்று வாதாடலாம். ஆனால் முன்றிலைக் குழுவில் உட்கார்ந்து யாரும் உண்டாக்கவில்லை.

மலையாளத்தில் மரணானந்தரம் என்கிறார்கள். தமிழில் அதை எழுதிப் பாருங்கள், செத்ததில் யாருக்கோ ஆனந்தம் என்று படிக்கும்.

என் முன்மொழிவு: எச்சநூல். ‘தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப்படும்’ என்ற குறளில் எச்சம் என்பதற்குப் பரிமேலழகர் மக்கள் என்றே பொருள் கொள்கிறார். ‘இசையென்னும் எச்சம்’ என்ற இடத்தில் அதே சொல் ஒருவர் விட்டுச்செல்லும் புகழைக் குறிக்கிறது. இலத்தீன் சொல் பிள்ளையிலிருந்து நூலுக்கு நடந்துவந்த அதே வழியில் நம் சொல் முன்பே நடந்திருக்கிறது. கூடவே பெயரெச்சம், வினையெச்சம் என்று முற்றுப்பெறாததையும் அது குறிக்கும். பாதியில் நின்ற கையெழுத்துப் படிகளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

கருத்துச் சொல்லுங்கள்.

*

மறுமொழி

வணக்கம் தோழர். குறள் இரண்டும் அருமை. ஆனால் எச்சநூல் என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது குறள் இல்லை, காக்கை. ‘காஃப்காவின் எச்சங்கள்’ என்று ஒரு தலைப்பை மாணவர்களிடம் கொடுத்துப் பாருங்கள், வகுப்பு அன்றைக்கு முடிந்தது. ‘மிச்சநூல்’ என்று யாராவது ஆரம்பிப்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன், அது தையல் மெஷினில் மீந்தது.

நான் நூலகத்தில் பட்டியலிடும் வேலை பார்ப்பவள். என் கவலை வேறு. எதை இந்தத் தலைப்பின்கீழ் போடுவது? உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’ ஆனந்த விகடனில் 1940இல் தொடங்கித் தொடராக வந்தது, 1942 ஏப்ரலில் அவர் காலமானார், நூலாக வந்தது 1950இல். நூலைக் கையில் எடுத்தால் மறைவுக்குப் பின் வந்ததுதான். ஆனால் உயிரோடு இருந்தபோதே வாரா வாரம் வாசகர்கள் படித்துவிட்டார்களே. டிக்கின்ஸின் கடைசி நாவல் இன்னும் மோசம். பன்னிரண்டு பகுதிகளாகத் திட்டமிட்டார், ஆறுதான் எழுத முடிந்தது. 1870 ஜூனில் அவர் இறக்கும்போது மூன்று பகுதிகள் வெளிவந்திருந்தன, மற்ற மூன்றும் பிறகு வந்தன. ஒரே நாவலில் நடுவே கோடு போடுவதா? சொல்லை அப்புறம் உண்டாக்கலாம், முதலில் இந்த எல்லையைச் சொல்லுங்கள்.

*

மறுமொழி

தம்பிக்கும் சகோதரிக்கும் வணக்கம்.

வேர் சரியாகத்தான் இருக்கிறது தம்பி, கிளையைத்தான் தப்பாக முறித்துவிட்டீர்கள். எச்சம் என்ற பெயரை விட்டு எஞ்சு என்ற வினைக்குப் போங்கள். எஞ்சுநூல். வளர்பிறை, செய்தொழில், சுடுகாடு போல இது வினைத்தொகை. (சுடுகாடு பொருத்தம் கருதி வந்ததல்ல, சட்டென்று வாயில் வந்தது.) எஞ்சிய நூல், எஞ்சுகின்ற நூல், எஞ்சும் நூல் என்று முக்காலமும் உள்ளே அடங்கும். ஆசிரியர் போனார், நூல் எஞ்சியது, இன்னும் எஞ்சும். காக்கையும் வராது. ‘எஞ்சிய நூல்’ என்று விரித்து எழுதிவிடாதீர்கள். விற்றது போகக் கடையில் மீந்த பிரதி ஆகிவிடும். தொகையாகவே நிற்கட்டும்.

நீங்களே ஒரு மறுப்பை எழுப்பியிருக்க வேண்டும், எழுப்பவில்லை. ‘வாழ்க்கை வழியெஞ்சல் எஞ்ஞான்றும் இல்’ என்னும் குறளில் எஞ்சல் என்றால் அற்றுப்போவது. அப்படியானால் எஞ்சுநூல் அழிந்த நூலா என்று கேட்பான் ஒருவன். எஞ்சு என்ற சொல்லுக்குக் குறைவதும் பொருள், குறைந்தது போக நிற்பதும் பொருள். இங்கே குறைந்தவர் ஆசிரியர், நின்றது நூல். இதைக் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன், வேண்டியதே இதுதான். பிள்ளைக்கு இந்தச் சொல்லைத் தொடாதீர்கள். தந்தை மறைந்தபின் பிறந்தான் என்று சொன்னால் எவருக்கும் புரியும்.

*

மறுமொழி

ஐயா, என் பட்டியலில் எச்சநூலை அடித்துவிட்டு எஞ்சுநூல் என்று எழுதிவிட்டேன். காக்கையை நான் யோசிக்கவே இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எல்லை பற்றித் தோழி கேட்டதற்கு வருகிறேன். நூல் வடிவம் எப்போது வந்தது என்று பார்க்காமல், எழுத்து முதன்முதலில் எப்போது அச்சேறியது என்று பார்ப்பதே நேர்மை. வாசகர் கையில் ஆசிரியர் காலத்திலேயே போய்ச் சேர்ந்த எழுத்தை எஞ்சியது என்று சொல்வது எப்படி? ஆகவே ‘என் சரித்திரம்’ எஞ்சுநூல் ஆகாது. அதற்கு ‘மறைவுக்குப் பின் நூலானது’ என்று குறிப்பு எழுதினால் போதும். பாரதியின் ‘பாஞ்சாலி சபத’த்தில் 1912இல் வந்த முதல் பாகத்தை விட்டுவிடலாம், அவர் இறந்து மூன்றாண்டுகள் கழித்து 1924இல் வந்த இரண்டாம் பாகம் எஞ்சுநூல். பாகம் பாகமாகப் பிரிந்திருப்பதால் கோடு போடுவது எளிது. டிக்கின்ஸுக்குக் கோடு வேண்டாம். பாதி அச்சில் இருந்ததால் அது முற்றுப்பெறாத நாவல், அவ்வளவே.

கல்கியின் ‘அமர தாரா’ மட்டும் என்னை இன்னும் அரிக்கிறது. அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி அதை எழுதி முடித்தார். எஞ்சியது குறிப்பு, நூலை முடித்தது இன்னொரு கை. அதை எஞ்சுநூல் என்றால் மகளின் உழைப்பு மறைந்துபோகிறது. ‘பிறர் முடித்த நூல்’ என்று தனியே வைக்கத் தோன்றுகிறது.

காஃப்கா தன் கையெழுத்துப் படிகளை எரித்துவிடச் சொல்லி நண்பர் மாக்ஸ் பிராடிடம் கேட்டுக்கொண்டவர். எஞ்சவே கூடாது என்று அவர் நினைத்தவற்றுக்கு எஞ்சுநூல் என்று பெயர் வைக்கிறோம். எழுதும்போது கொஞ்சம் கூச்சமாக இருந்தது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

இப்போதைக்குப் பட்டியலில் இருக்கும் பதிவு இது:

எஞ்சுநூல்: ஆசிரியர் மறைந்த பிறகு முதன்முறையாக அச்சில் வந்த நூல். விருது, பட்டம் முதலியவற்றுக்கு இச்சொல் வராது. அங்கே ‘மறைவுக்குப் பின்’ என்றே எழுதுக.

*

மறுமொழி

சரி தோழர், எல்லை தெளிவாக இருக்கிறது. ‘அமர தாரா’வைத் தனியே வைப்பதுதான் எனக்கும் சரியாகப் படுகிறது. இந்தச் சொல்லை ஆறு மாதம் என் பட்டியலில் போட்டுப் பார்க்கிறேன். தேடி வருபவர்கள் தாங்களாகவே புரிந்துகொண்டால் நிலைக்கும். ஒவ்வொருவருக்கும் நான் எழுந்துபோய் விளக்க வேண்டிவந்தால் சொல்லாமல் கழற்றிவிடுவேன், அப்போது ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது.