அசேல தங்கம் இருக்கு, தட்டுல அரிச்சா ஒண்ணுமே இல்ல – அவசரம்

செம்மண்_சைட்:
வணக்கம் மக்களே, அவசரமா ஒரு உதவி. தங்கம் தேடிப் போட்ட துளைல 31-லேருந்து 36 மீட்டர் ஆழம் வரைக்கும் ஃபயர் அசே (லேப்ல சாம்பிள உருக்கி தங்கத்த அளக்கறது) 4 கிராம்/டன் காட்டுது, அதே பையிலேருந்து 2 கிலோ எடுத்து தட்டுல அரிச்சா ஒரு மினுக்கு கூட இல்ல, மூணு தடவ பண்ணிட்டேன். சீனியர் "லேப்ல கலந்துடுச்சு, இல்ல நீ பைய மாத்திட்ட"ங்கறார். நாளன்னைக்கு மீட்டிங். யாருக்காவது இப்படி ஆயிருக்கா?

கல்லுளிமங்கன்:
எந்த ஊரு, என்ன பாறை, துளை ஆர்சியா (பாறையப் பொடியாக்கி எடுக்கறது) டயமண்டா (முழுத் தண்டா எடுக்கறது), மண்ணு என்ன நிறம், எதுவும் இல்ல. நாங்க என்ன சோழி உருட்டியா பாக்கறது?

அசே_அக்கா:
தம்பி, பிளாங்க் (தங்கமே இல்லாத சாம்பிள்) போட்டீங்களா, அதுல என்ன வந்துது? அதே சாம்பிள மறுபடி அசே பண்ணின ரிப்பீட் என்ன ஆச்சு? ஒரு தடவ உருக்கற சார்ஜு 50 கிராம்னா 4 கிராம்/டன்னுக்கு உள்ள இருக்கிற தங்கம் மொத்தமே 0.2 மில்லிகிராம். கால் மில்லிமீட்டர் மணி ஒண்ணு தப்பி விழுந்தாலே அந்த நம்பர் வந்துடும், அடுத்த தடவ 0.3க்கு இறங்கிடும்.

கோலார்_பேரன்:
அதேதான், நக்கெட் எஃபெக்ட், தங்கம் சீரில்லாம மணி மணியா கெடக்கறதால நம்பர் ஏறி இறங்கறது. எங்க தாத்தா கோலார் சாம்பியன் ரீஃப் சுரங்கத்துல வேலை பாத்தவரு, குவார்ட்ஸ்ல ஒரு பக்கம் மணி மணியா இருக்கும் பக்கத்துல வெறும் கல்லுன்னு சொல்லுவாரு. 10 கிலோ எடுத்து அரிங்க ப்ரோ, வரும்.

கல்லுளிமங்கன்:
மணி பெருசா இருந்தா தட்டுலதான மொதல்ல தெரியணும்? தலைகீழா பேசறீங்க. கோலார்ல மக்காத பாறை, இவரு சொல்ற ஆழம் மக்கின மண்ணா இருக்கலாம். ரெண்டுத்தையும் ஒரே சட்டில போட்டு கிண்டாதீங்க.

செம்மண்_சைட்:
சாரி, அவசரத்துல விட்டுட்டேன். மேற்கு ஆஸ்திரேலியாவுல கால்கூர்லிக்கு தெக்க, ஆர்சி, ஒரு மீட்டர் சாம்பிள். அஞ்சு மீட்டரும் 3.6லேருந்து 4.4க்குள்ள, ரிப்பீட்டும் அப்படியே. பிளாங்க் சுத்தம். மேல 8லேருந்து 28 வரைக்கும் கிட்டத்தட்ட ஜீரோ. களிமண்ணு, மஞ்சளும் பழுப்புமா. தண்ணி உப்போ உப்பு.

அசே_அக்கா:
அப்போ லேப் மேல பழி போடாதீங்க. தங்கம் இருக்கு, பொடியா இருக்கு. 2 கிலோவுக்கு 8 மில்லிகிராம்தான் கணக்கு, ஒண்ணா உருட்டினா ஒரு கடுகு அளவு கூட வராது. அது ஆயிரக்கணக்கா உடைஞ்சு கெடந்தா கண்ணுக்கு எங்க தெரியும்? 75 மைக்ரான் சல்லடைல சலிச்சு மேல நிக்கறத தனியா, கீழ விழறத தனியா அசே பண்ணச் சொல்லுங்க.

கல்லுளிமங்கன்:
இத மொத போஸ்ட்லயே எழுதியிருந்தா அரை நாள் மிச்சம். அந்த ஏரியால நிலத்தடி தண்ணி கடலவிட உப்பு, நிறைய எடத்துல அமிலமும் கூட. குளோரைடோட சேந்து தங்கம் கரைஞ்சு மேல்மண்ண விட்டு கீழ இறங்கும், அதான் உங்க 20 மீட்டர் ஜீரோ. கீழ ஃபெரஸ் இரும்பு (இன்னும் துருவா மாறாம கரைஞ்சு நிக்கற இரும்பு) உள்ள தண்ணியத் தொட்ட ஒடனே திரும்பப் படியும். வெள்ளி கரைசல்லயே நின்னுடும், அதனால படியறது கிட்டத்தட்ட சுத்தத் தங்கம். இது பாலபாடம்.

பட்டறைப்பையன்:
நான் ஜியாலஜி படிக்கல, நகைப் பட்டறை வீட்டுப் பையன். ராஜதிராவகத்துல தங்கத்தக் கரைச்சு திரும்ப இறக்கினா அடில நிக்கறது மஞ்சளா இருக்காதுங்க, காப்பித்தூள் சேறு மாதிரி பழுப்பா இருக்கும். மூசைல உருக்கினாதான் நமக்குத் தெரிஞ்ச நிறம் வரும். புதுசா வேலைக்கு வந்த பையன் அத அழுக்குன்னு கழுவி ஊத்தி அடி வாங்கினதும் உண்டு. நீங்க தட்டுல மினுக்கு தேடினீங்களா, பழுப்பு தேடினீங்களா?

செம்மண்_சைட்:
அய்யோ. தட்டு வாலுல, அரிச்சு கடைசில நிக்கற பொடில, பழுப்பா ஒரு கோடு நின்னுச்சு, இரும்புத் துருன்னு கொட்டிட்டேன். மூணு தடவையும்.

பழைய_புவி:
பட்டறைத் தம்பி நல்லாப் புடிச்சாரு. கால்கூர்லின்னா கூடவே டெல்லுரைடையும் (தங்கமும் டெல்லுரியமும் சேந்த கனிமம்) யோசிங்க. கலவரைட்னு ஒண்ணு, எடைல 43 சதவீதத்துக்கு மேல தங்கம், பாக்க போலித் தங்கம்னு சொல்ற பைரைட் மாதிரி வெளுத்துப்போன பித்தளை. அது மக்கும்போது டெல்லுரியம் வெளியேறி தங்கம் மட்டும் பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையா நிக்கும், பளபளப்பே இருக்காது. மஸ்டர்ட் கோல்டும்பாங்க. நம்மூரு கருங்கடுகு இல்ல, வெள்ளக்காரன் ரொட்டில தடவுற அரைச்ச கடுகு. ஊசி முதுகால அழுத்தித் தேய்ச்சுப் பாருங்க, தங்கம்னா மஞ்சக்கோடு விழும், துருன்னா பொடியாப் போகும்.

கோலார்_பேரன்:
அந்த ஊர்ல டெல்லுரைட தெரியாம ரோட்டுப் பள்ளத்துல கொட்டி, 1896ல விஷயம் தெரிஞ்சதும் தெருவையே தோண்டினாங்களே 😂

மைக்ரோப்_மீனா:
எல்லாரும் வேதியியலே பேசறீங்க. 2006லயே ஃப்ராங்க் ரீத் குழு ஆஸ்திரேலியத் தங்க மணிங்க மேல பாக்டீரியா படலம் இருக்குன்னு காட்டினாங்க, குப்ரியாவிடஸ் மெட்டாலிடியூரன்ஸ். கரைஞ்ச தங்கம் அதுக்கு விஷம், அதனால உலோகமா மாத்தி வெளிய தள்ளுது. இவரோட தங்கமும் அப்படி வளந்ததா இருக்கலாம்.

கல்லுளிமங்கன்:
வந்துட்டாங்கய்யா. பெரிய நக்கெட்ட (தங்கக்கட்டிய) அறுத்து அமிலம் போட்டா உள்ள படிகக் கட்டமைப்பு தெரியுது, உள்ள வெள்ளியும் இருக்கு. சூட்டுல ஆழத்துல உருவானதுன்னு பட் (Butt), ஹஃப் (Hough)னு ஆராய்ச்சியாளருங்க எல்லாம் 2007லயே எழுதியாச்சு. மண்ணுல தங்கம் முள்ளங்கி மாதிரி வளராது.

மைக்ரோப்_மீனா:
நக்கெட்னு நான் சொன்னேனா? ஓரத்துல இருக்கிற மெல்லிசு படலமும் நானோ துகளும் பத்திதான் சொன்னேன். மேல நீங்களே "திரும்பப் படியும்"னு எழுதிட்டு இப்ப வளராதுங்கறீங்க.

கல்லுளிமங்கன்:
படியறது வேற, வளர்றது வேற.

அசே_அக்கா:
ரெண்டு பேரும் தனி இழை போட்டுக்கோங்க, பாவம் அந்தத் தம்பிக்கு மீட்டிங்.

செம்மண்_சைட்:
(9 நாள் கழிச்சு) லேட்டுக்கு மன்னிக்கவும். புதுசா அரிச்சு, பழுப்பு கோட்ட காயவெச்சு ஊசியால தேய்ச்சேன், மஞ்சளாச்சு, கை நடுங்கிருச்சு. சலிச்சதுல தங்கத்துல முக்கால்வாசிக்கு மேல 75 மைக்ரானுக்குக் கீழ. டெல்லுரியத்துக்கு தனியா அனுப்பியிருக்கு, இன்னும் வரல. சீனியர் மீட்டிங்ல "நான் அப்பவே நினைச்சேன்"னார். பட்டறைப்பையன் அண்ணே, பெரிய நன்றி.

பட்டறைப்பையன்:
கொட்டின மூணு தட்டு எங்க கொட்டினீங்க? 😀

கோலார்_பேரன்:
அப்போ கடைசில பாக்டீரியா இருக்கா இல்லையா?