புதுப்பிப்பு: 27 அங்குல மானிட்டர் வாங்கியாயிற்று

பெரும்பாலும் எழுத்து வேலையும் அவ்வப்போது படத் திருத்தமும் நடக்கும் என் மேசைக் கணினிக்கு, 27 அங்குலத் திரையில் 1920×1080 புள்ளிகள் (பிக்சல்கள்) போதுமா, 2560×1440 வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டாவதையே, ஐபிஎஸ் என்ற வகை எல்சிடி பேனலுடன் வாங்கியிருக்கிறேன். முதலாவது அங்குலத்துக்கு ஏறத்தாழ 82 புள்ளிகளையும் இரண்டாவது 109 புள்ளிகளையும் தருவதால், ‘ணூ’, ‘ஞை’ போன்ற எழுத்துகளின் உட்சுழிகள் சிறிய எழுத்தளவிலும் ஒன்றோடொன்று ஒட்டாமல் தெளிவாகத் தெரிகின்றன.

விஏ என்ற மற்றொரு வகைப் பேனலைப் பரிந்துரைத்தவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு. அதன் கறுப்பு ஆழமானது. என் திரையிலோ அறை விளக்கை அணைத்தால் மூலைகளில் வெளிறிய ஒளி கசிகிறது. ஆயினும், பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாதிருப்பதே படத் திருத்தத்துக்கு முக்கியம் என்று கருதினேன்.

4கே (3840×2160 புள்ளிகள்) திரையை ஏன் வாங்கவில்லை என்று கேட்டவருக்கு: என் பழைய கிராஃபிக்ஸ் கார்டில் திரையை இணைக்க எச்டிஎம்ஐ இணைப்பின் பழைய பதிப்பான 1.4 மட்டுமே உள்ளது. அதன் வழியே 4கே காட்சி 30 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 30 முறை புதுப்பிப்பு) மேல் வராது என்பதால், மவுஸ் அம்பு நகர்வதுகூடத் தத்தித் தத்தித்தான் தெரியும்.

உடன் வந்த தாங்கியின் உயரத்தை மாற்ற முடியாது (விலையைக் குறைக்க முதலில் கை வைப்பது இதில்தான் போலும்). பின்புறம் 100×100 மி.மீ. வெசா துளைகள் (தாங்கிகளைப் பொருத்துவதற்கான பொதுத்தரத் துளைகள்) இருப்பதால், தனியாக ஒரு மானிட்டர் ஆர்ம் (திரையைத் தாங்கும், நகர்த்தக்கூடிய கை) பொருத்த எண்ணியுள்ளேன்.