தம்பி மேல் எஃப்.ஐ.ஆர்., 118(1) போட்டிருக்கிறார்கள். எந்த வக்கீலை வைப்பது?

செல்வி_ரா:

வணக்கம். பக்கத்து மனைக்காரருக்கும் எங்களுக்கும் எல்லைக்கல் விஷயத்தில் ரொம்ப நாளாகவே ஆகாது. போன ஞாயிறு காலையில் அது வாய்ச்சண்டையாகி, தள்ளுமுள்ளாகி, அவர் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகிப் புகார் கொடுத்துவிட்டார். என் தம்பிக்கும் உதடு கிழிந்து இரண்டு தையல் போட்டார்கள். ஆனால் விஷயத்தைப் பெரிதாக்க வேண்டாமென்று நாங்கள் புகார் எதுவும் கொடுக்கவில்லை. இப்போது தம்பி மேல் பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டம்) 296(பி), 115(2), 118(1), 351(3) என்று நான்கு பிரிவு. இரும்புக் கம்பியால் அடித்ததாக எழுதியிருக்கிறார்கள். கம்பியைத் தொடவே இல்லை என்று அவன் அழுகிறான்.

இரண்டு வக்கீல்களிடம் பேசினோம். முதல் ஆள் போனிலேயே, "முன்ஜாமீன் என் பொறுப்பு, ஸ்டேஷனில் நமக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள், முழுப் பீஸையும் இன்றைக்கே கட்டிவிடுங்கள்" என்றார். இன்னொருவர் எஃப்.ஐ.ஆர். நகல் இல்லாமல் பேசவே மாட்டேன் என்றார். நகலோடு போனதும் தம்பியை எழுந்து நிற்கச் சொல்லி, அன்றைக்கு யார் எங்கே நின்றார்கள், உன் கை எங்கே இருந்தது, முதலில் யார் யாரைத் தொட்டது என்று முக்கால் மணி நேரம் கேட்டார். கடைசியில், "மனு போடலாம், ஆனால் கிடைக்கும் என்று என்னால் வாக்கு கொடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கு முதல் ஆள்தான் தைரியமாகத் தெரிகிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இந்தப் பிரிவுகள் எவ்வளவு பயங்கரம்? எஃப்.ஐ.ஆர். போட்டாலே அவன் குற்றவாளியா? வேலைக்கு வேறு விண்ணப்பித்திருக்கிறான்.

பழைய_பார்_ரூம்:

சகோதரி, முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். நான் கிரிமினல் பக்கம் பல வருடமாக நின்று கொண்டிருப்பவன். இந்த நான்கு பிரிவும் ஒன்றாக வருவதை அடிக்கடி பார்க்கிறேன். 2024 ஜூலை 1-க்கு முன்னால் இதே சண்டைக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 294(பி), 323, 324, 506(2) என்று எழுதியிருப்பார்கள். பெரும்பாலும் எண்தான் மாறியிருக்கிறது.

296(பி) என்பது பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியது, அதிகபட்சம் மூன்று மாதம். 115(2) சாதாரண காயம், ஒரு வருடம் வரை. இது மட்டும் இருந்திருந்தால் மாஜிஸ்திரேட் அனுமதி இல்லாமல் போலீஸ் விசாரிக்கவே முடியாது. 351(3) கொலை மிரட்டல், ஏழு வருடம் வரை போகும், கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் "கொன்றுவிடுவேன்" என்ற ஒரு வரியை வைத்துத்தான் பெரும்பாலும் சேர்க்கிறார்கள். உங்கள் கேஸின் உயிர் 118(1)-ல் இருக்கிறது. ஆயுதத்தால் காயப்படுத்தியது, மூன்று வருடம் வரை, ஜாமீனில் விட முடியாத பிரிவு. ஜாமீனே கிடைக்காது என்று அதற்கு அர்த்தம் இல்லை, ஸ்டேஷனில் உரிமையாகக் கேட்க முடியாது, கோர்ட்டில்தான் வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆக எல்லாமே அந்தக் கம்பியில் நிற்கிறது. அதற்கு முதலில் பார்க்க வேண்டியது ஏ.ஆர். காப்பி, அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல். அடிபட்டவர் ஆஸ்பத்திரிக்குப் போனதும் டியூட்டி டாக்டர் ஒரு பதிவேட்டில் எழுதுவார்: எத்தனை மணிக்கு வந்தார், யார் அடித்ததாகச் சொன்னார், எத்தனை பேர், எதனால். அது புகார் எழுதுவதற்கு முன்னால் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. நான் நடத்திய ஒரு கேஸில் புகாரில் கம்பி, ஏ.ஆரில் "தெரிந்த நபர் ஒருவர் கையால் தாக்கியதாக" என்று இருந்தது. டாக்டரைக் குறுக்கு விசாரணை செய்தபோது அந்த ஒரு வரியைப் படிக்கச் சொன்னோம், ஆயுதம் என்ற பேச்சு அங்கேயே நின்று போனது. அதே மாதிரி உங்கள் தம்பிக்குத் தையல் போட்ட இடத்திலும் பதிவு இருக்கும், அதை இன்றைக்கே கேளுங்கள்.

காயச் சான்றிதழையும் கவனிக்கச் சொல்லுங்கள். எலும்பு முறிவு என்று வந்தால் அது கொடுங்காயம். போலீஸ் பிரிவு மாற்ற அறிக்கை போட்டு 118(2)-க்குக் கொண்டு போய்விடலாம், அது ஆயுள் வரை போகும் பிரிவு. கேஸ் இன்றைக்கு இருக்கிற மாதிரியே நாளைக்கும் இருக்காது என்பதால்தான் நல்ல வக்கீல் முன்கூட்டி வாக்கு கொடுக்க மாட்டார்.

குற்றவாளியா என்று கேட்டீர்கள். இல்லை. எஃப்.ஐ.ஆர். என்பது ஒருவர் சொன்னதை எழுதி வைத்தது. அதற்குப் பிறகு விசாரணை, குற்றப்பத்திரிகை, கோர்ட் குற்றச்சாட்டு வனைவது, சாட்சி விசாரணை எல்லாம் இருக்கிறது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புடையது. ஆனால் வேலைக்கான படிவத்தில் வழக்கு நிலுவையில் உண்டா என்று கேட்டால் மறைக்க வேண்டாம். அவதார் சிங் வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியிருக்கிறது, வழக்கை விட மறைத்ததுதான் பல பேருக்கு வேலையைக் கெடுக்கிறது.

தென்றல்_வீடு:

செல்வி அக்கா, நான் வக்கீல் இல்லை, உங்கள் இடத்தில் உட்கார்ந்து அழுதவள். என் வீட்டுக்காரர் மேல் கேஸ் வந்தபோது எங்களுக்கும் "நூறு சதவீதம் என் பொறுப்பு" என்று ஒருவர் கிடைத்தார். ஜாமீன் கிடைத்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். அதற்கப்புறம் போனை எடுக்கவே இல்லை. வாய்தாவுக்கு நீங்கள் வர வேண்டாம், நான் மனு போட்டுக்கொள்கிறேன் என்றார், நம்பினோம். மூன்று வாய்தா யாரும் ஆஜராகவில்லை, மனுவும் போடவில்லை. ஒரு நாள் விடியற்காலை ஐந்தரைக்குக் கதவைத் தட்டினார்கள், வெளியே பிடிவாரண்டோடு இரண்டு போலீஸ். என் மகள் பள்ளிச் சீருடையை இஸ்திரி போட்டுக் கொண்டிருந்தாள், பெட்டியைத் துணி மேலேயே வைத்துவிட்டு ஓடி வந்தாள். அந்தக் கருகின சட்டையை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஜாமீனோடு கேஸ் முடிவதில்லை அக்கா, அங்கேதான் ஆரம்பிக்கிறது. வருடக்கணக்கில் நடக்கும். அதனால் வைக்கும் முன் நேராகக் கேளுங்கள்: ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்களே வருவீர்களா, ஜூனியரா? பீஸ் ஜாமீன் மனுவுக்கு மட்டுமா, விசாரணை முடியும் வரைக்குமா? வாங்கியதற்கு எழுதித் தருவீர்களா? கோபப்பட்டால் எழுந்து வந்துவிடுங்கள். கேஸுக்குச் சி.என்.ஆர். எண் (ஒவ்வொரு வழக்குக்கும் கோர்ட்டில் தரும் தனி எண்) வந்ததும் ஈ-கோர்ட்ஸ் தளத்தில் அடுத்த தேதியை நீங்களே பாருங்கள், யார் வாயையும் நம்பி இருக்க வேண்டாம்.

நாங்கள் வக்கீலை மாற்றப் போனபோது பாக்கி பீஸ் கொடுத்தால்தான் கட்டைத் தருவேன் என்று பிடித்து வைத்துக்கொண்டார். அது தப்பு, பீஸ் பாக்கிக்காகக் கேஸ் கட்டைப் பிடித்து வைக்கும் உரிமை வக்கீலுக்கு இல்லை என்று 2000-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனக்கு அது தெரிய வந்தபோது ஏழு மாதம் போயிருந்தது.

கறுப்பு_மை:

மேலே இரண்டு பேரும் சொன்னது சரி, நான் ஸ்டேஷன் பக்கம் மட்டும் சேர்க்கிறேன். "ஸ்டேஷனில் வேண்டியவர்கள் இருக்கிறார்கள்" என்பதைத் தகுதியாகச் சொல்கிற வக்கீல் எனக்கு ஆகவே ஆகாது. உங்கள் கேஸை எதிர்த்து நிற்கப் போவதே அந்த ஸ்டேஷன்தான். முடிவை வைத்துப் பீஸ் பேசுவதையும் பார் கவுன்சில் விதி அனுமதிப்பதில்லை.

உங்கள் தம்பியின் பிரிவுகள் எதுவும் ஏழு வருடத்தைத் தாண்டவில்லை. அர்னேஷ் குமார் வழக்கில் 2014-ல் வந்த தீர்ப்புப்படி இந்த அளவுள்ள குற்றங்களில் காரணம் எழுதாமல் கைது செய்யக் கூடாது. பெரும்பாலும் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 35(3)-ன்படி விசாரணைக்கு வரச் சொல்லும் நோட்டீஸ்தான் வரும். வந்தால் கண்டிப்பாகப் போக வேண்டும், போகாமல் இருந்தால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும். வக்கீலுக்குச் சொல்லிவிட்டு, முடிந்தால் அவரோடு போகட்டும். வெற்றுத் தாளில் எதிலும் கையெழுத்து வேண்டாம். போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் அவனுக்கு எதிராகச் செல்லாது, ஆனால் "கம்பி அங்கே கிடக்கிறது, எடுத்துத் தருகிறேன்" என்று சொல்லி அதை வைத்து ஒரு பொருளை எடுத்தால் அந்தப் பகுதி செல்லும். எத்தனையோ பேர் இதில் மாட்டியிருக்கிறார்கள். தனக்கு எதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது என்பது அரசியலமைப்பு 20(3).

ஒருவேளை கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தகவல் தர வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். பணம் இல்லையென்றால் 15100-க்குக் கூப்பிடுங்கள், சட்டப்பணிகள் ஆணைக்குழு எண். காவலில் இருப்பவர்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு.

அப்புறம், எதிர்த்தரப்பு வீட்டுக்குச் சமாதானம் பேசப் போகாதீர்கள், போனும் வேண்டாம். சாட்சியை மிரட்டினார்கள் என்று அடுத்த மனுவில் எழுதுவார்கள். பேச வேண்டியிருந்தால் வக்கீல் மூலமாக. உங்கள் தரப்புப் புகாரையும் இன்னும் கொடுக்கலாம், தாமதத்துக்குக் காரணத்தை அதிலேயே எழுதுங்கள், ஸ்டேஷனில் வாங்கவில்லையென்றால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

செல்வி_ரா:

எல்லோருக்கும் நன்றி, நேற்று ராத்திரி அம்மாவுக்கு இதை முழுக்கப் படித்துக் காட்டினேன். தென்றல், அந்தச் சட்டையைப் பற்றிக் கேட்டதும் அம்மா ஒன்றும் பேசவில்லை, காலையில் "அந்தக் கேள்வி கேட்கிற வக்கீலையே வைத்துக்கொள்" என்றாள். வக்காலத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. பீஸ் முன்ஜாமீனுக்குத் தனி, விசாரணைக்குத் தனி, இரண்டையும் எழுதிக் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம், தம்பியின் ஏ.ஆர். காப்பி நாளைக்குத் தருகிறார்களாம். மனு வியாழக்கிழமை வருகிறது.

பழைய_பார்_ரூம்:

நல்லது சகோதரி. வியாழனுக்கு முன்னாலேயே இரண்டு ஜாமீன்தாரரைப் பேசி, அவர்களுடைய அடையாள அட்டை, சொத்து வரி ரசீது நகலை எடுத்து வைத்துவிடுங்கள். உத்தரவு வந்த பிறகு இதற்காக அலைகிறவர்களைத்தான் கோர்ட் வாசலில் தினமும் பார்க்கிறேன். உத்தரவு கிடைத்தால் நிபந்தனையைத் தம்பி தானே ஒரு முறை படிக்கட்டும், எத்தனை மணிக்கு எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று அதில் இருக்கும், ஒரு நாள் தவறினாலும் ஜாமீனை ரத்து செய்யக் கேட்பார்கள்.