பேச்சுப் பயிற்சிக்குக் காப்பீட்டில் பணம் வருமா? (கடலூர்)

நெல்லிக்குப்பம்_அம்மா:
பையனுக்கு ஏழு வயது, ஆட்டிசம், அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. சிறப்புப் பயிற்றுநர் எப்போதாவதுதான் வருகிறார், பேச்சுப் பயிற்சி முழுக்க வெளியே காசு கொடுத்துத்தான். அமெரிக்காவில் இருக்கும் நாத்தனார், அங்கே பள்ளியிலேயே தெரபி, மெடிக்கெய்ட் என்ற அரசுக் காப்பீடு பணம் கட்டிவிடும் என்கிறார். நம்மிடமும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதே, அது ஆகாதா?

மஞ்சக்குப்பத்தான்:
அதை நம்ப வேண்டாம் அக்கா. பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பார்க்கும் வைத்தியத்துக்குத்தான் அந்த அட்டை. காது கேட்கக் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் ஆபரேஷன் அதில் உண்டு, வாராவாரம் போகிற பயிற்சி வேறு கதை. நீங்கள் நிராமயா என்ற மருத்துவக் காப்பீடு போடுங்கள். மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்துவது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம், இந்த நாலுக்கு மட்டும். வருடத்துக்கு 1 லட்சம் வரை, அதற்குள் தெரபிக்குத் தனி உச்சவரம்பு. இன்ன மருத்துவமனை என்று கிடையாது, ஆனால் முதலில் கைக்காசைக் கட்டிவிட்டு அப்புறம் பில் அனுப்பித்தான் வாங்க வேண்டும்.

லாஸ்பேட்டை_ரிட்டயர்டு:
நாத்தனார் சொன்னது பாதிதான் அம்மா. அங்கே பள்ளி இதைத் தர வேண்டும் என்பது 1975-லேயே வந்த சட்டம், மெடிக்கெய்ட் பணம் அதில் சேரலாம் என்று தெளிவாக்கியது 1988-ல்தான். அதனால் குழந்தைக்கு மெடிக்கெய்ட் இல்லாவிட்டாலும் பள்ளி தந்தே ஆக வேண்டும். பணமும் பெற்றோர் கைக்கு வராது. குழந்தைக்கென எழுதிய கல்வித் திட்டத்தில் உள்ள சேவைக்கு, பெற்றோர் சம்மதக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பள்ளி நிர்வாகம் மெடிக்கெய்டிடமிருந்து வசூலித்துக்கொள்ளும். பொறாமைப்படுவதென்றால் அந்தச் சட்டத்தைப் பார்த்துப் பொறாமைப்படலாம், காப்பீட்டுப் பணம் அதில் சேர்ந்தது பின்னால்தானே. நம்மிடமும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது, 40 சதவீதம் குறைபாடு என்ற சான்று இருந்தால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி. இதற்குப் பணம் வருவது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்திலிருந்து, பிள்ளைக்கு வருடம் 3,500 ரூபாய் என்ற கணக்கில். வருடத்துக்கு! தனியாரிடம் போனால் அது எத்தனை நாள் தாங்கும்?

நெல்லிக்குப்பம்_அம்மா:
நன்றி ஐயா. தம்பி, நிராமயா எங்கே போடுவது? ஜிப்மர் டாக்டர் எழுதிய சீட்டு செல்லுமா?

மஞ்சக்குப்பத்தான்:
செல்லும், அதைப் பத்திரமாக வையுங்கள், வெறும் தெரபி ரசீது மட்டும் போதாது. நேஷனல் டிரஸ்டில் பதிவான தொண்டு நிறுவனம் வழியாகப் போட வேண்டும், எது என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். மாற்றுத்திறன் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் எடுத்துப் போங்கள். பாலிசி மார்ச் 31-உடன் முடியும், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். பில்லைச் சேர்த்து வைத்துக் கடைசியில் அனுப்பாதீர்கள், கெடு உண்டு. அப்புறம் பள்ளிக்குச் சிறப்புப் பயிற்றுநர் ஒழுங்காக வர வேண்டும் என்று, கல்வித் துறையின் வட்டார வள மையத்துக்கு ஒரு மனு, எழுத்தில், நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு.