பனிக்கால மலைப் பயணம்: பிள்ளைகளோடு கிளைச்சாலையில் போகலாமா? வழி போட உதவி தேவை

சாளரம்:
வணக்கம். டிசம்பர் கடைசி வாரம் குடும்பத்தோடு மலையில் தங்கப்போகிறோம். நானும் கணவரும், ஏழு வயதிலும் மூன்று வயதிலும் பிள்ளைகள், கூட அம்மா. வாடகைக் கார், ஆட்டோமேட்டிக், முன்சக்கர இழுவை. மலைச்சாலையில் ஓட்டிப் பழக்கம் உண்டு. பனியில் ஓட்டியதில்லை.

நெடுஞ்சாலையில் போனால் பார்ப்பதற்கு முன்னால் போகும் லாரியின் முதுகுதான் இருக்கும். அதனால் கிளைச்சாலையாகத் தேடினேன். 85 கிலோமீட்டரில் ஒரு அருமையான சுற்றுவழி கிடைத்தது. தங்குமிடம் 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நடுவில் வரும் கணவாய் 1,900 மீட்டர். போன் மேப் 1 மணி 50 நிமிடம் காட்டுகிறது. மதியம் சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்குக் கிளம்பினால் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம் என்பது என் கணக்கு.

இந்த நேரத்தை நம்பலாமா? சாலை திறந்திருக்குமா என்று இப்போதே எப்படிப் பார்ப்பது? பெரியவளுக்கு வளைவில் வாந்தி வரும். அம்மாவுக்கு முழங்கால் வலி, நடுநடுவே இறங்கிக் கொஞ்சம் நடந்தாக வேண்டும்.

வளைவுப்பாதை:
நேரம் இருக்கட்டும், முதலில் அந்தக் கணவாயைப் பாருங்கள். உயரம் கூடக்கூட, ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி குளிர் ஏறும். நீங்கள் கிளம்பும் இடத்தில் 2 டிகிரி என்றால் மேலே மைனஸ் 3. கீழே ஈரமாக இருக்கும் அதே சாலை மேலே ஐஸாக இருக்கும். அதைவிட, அது திறந்திருக்குமா என்பதே கேள்வி. இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாயும் (2,757 மீட்டர்) சுவிட்சர்லாந்தின் ஃபுர்காவும் குளிர்காலம் முழுக்க மூடித்தான் கிடக்கும். உங்களுடையது உயரம் குறைவுதான், ஆனால் வண்டி அதிகம் ஓடாத சாலை என்றால் அதையும் மூடிவிட வாய்ப்பு உண்டு.

என் யோசனை: சுற்றுவழியே வேண்டாம். போன வழியிலேயே திரும்புங்கள். சுற்றுவழியில் பாதிக்கு மேல் போய்விட்டால், 'திரும்பினாலும் இதே தூரம்தானே' என்று மனசு முன்னாலேயே தள்ளும். அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். வந்த சாலை என்றால் எந்த வளைவில் ஐஸ் இருந்தது என்று ஏற்கெனவே தெரியும்.

டீசல்புகை:
வளைவு சொல்றதுல பாதி சரி. கணவாய் ஏறாத சுற்றுவழின்னா தாராளமா போலாம், எல்லாத்தையும் ஒரே கணக்குல தள்ளக்கூடாது. திசைதான் முக்கியம். வட அரைக்கோளத்துல மலையோட வடக்குச் சரிவுல டிசம்பர் வெயில் சரியா விழவே விழாது. அந்தப் பக்கம் விழுந்த பனி வாரக்கணக்கா அப்படியே கிடக்கும். தெற்குச் சரிவு மத்தியானத்துக்குள்ள காஞ்சிடும். அதனால நிழல் பக்கமா ஏறணும், வெயில் பக்கமா இறங்கணும். ஐஸ்ல ஏறுறப்ப வண்டி நின்னு போகும், அவ்வளவுதான். இறங்குறப்ப நிக்காது, அதுதான் பிரச்சினை.

வளைவுப்பாதை:
@டீசல்புகை, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. நிழல் பக்கமாக ஏறி உச்சிக்கு முன்னால் தடுப்பு போட்டிருந்தால்? அதே ஐஸில்தானே இறங்க வேண்டும்? பனியில் புதிதாக ஓட்டுபவருக்கு, அதுவும் பின்சீட்டில் பிள்ளைகளோடு, அந்தப் பந்தயம் வேண்டாம்.

டீசல்புகை:
சரி, முதல் தடவைக்கு உங்க பேச்சே இருக்கட்டும்.

கம்பமரம்:
சாலை திறந்திருக்குமா என்று வீட்டிலிருந்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். அந்தந்தப் பகுதிச் சாலைத் துறை வெளியிடும் மூடல் பட்டியலும் நேரடி கேமராக்களும்தான் முதல் ஆதாரம். கிளம்பும் காலையில் மறுபடி பாருங்கள்.

அதற்கு முன் இரண்டு துப்பு. ஒன்று, அந்தச் சாலையில் உள்ளூர்ப் பேருந்து குளிர்காலத்திலும் ஓடுகிறதா? கால அட்டவணையில் 'கோடையில் மட்டும்' என்று இருந்தால் அதற்கு மேல் யோசிக்க வேண்டாம். பேருந்து தினமும் ஓடும் சாலையில் பனி அள்ளும் வண்டியும் வரும் என்று பெரும்பாலும் நம்பலாம். இரண்டு, மேப்பில் சாலையின் படங்களைத் திறந்து ஓரத்தைப் பாருங்கள். படம் கோடையில் எடுத்ததாகத்தான் இருக்கும், பச்சைப் பசேல் என்று ஏமாற்றும். ஆனால் இருபுறமும் சீரான இடைவெளியில் ஒல்லியான உயரக் கம்பங்கள் நட்டிருந்தால், பனி மூடும்போது அள்ளும் வண்டிக்குச் சாலையின் விளிம்பைக் காட்டத்தான் அவை. கம்பம் ஆளுயரத்துக்கு மேல் என்றால் அங்கே பனி எவ்வளவு குவியும் என்று நீங்களே கணக்குப் போடலாம். கம்பமும் உண்டு, குளிர்காலப் பேருந்தும் உண்டு என்றால் நல்ல சாலை. கம்பம் இருந்து பேருந்து இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

மேப் காட்டும் நேரத்தை இரண்டு மடங்காக்கிக்கொள்ளுங்கள். ஒரு மணிக்குக் கிளம்புவது சரிவராது. 45 டிகிரி வடக்கு அட்சரேகையில் டிசம்பர் இறுதியில் பகலே 9 மணி நேரத்துக்குக் குறைவு. பள்ளத்தாக்குக்குள் சூரியன் இன்னும் முன்னதாகவே மலைக்குப் பின்னால் போய்விடும். மதியம் உருகிய தண்ணீர் அந்த நிமிடத்திலிருந்து மறுபடி உறைய ஆரம்பிக்கும். ஈரம் என்று நினைத்து ஓட்டுவீர்கள், அது ஐஸாக இருக்கும். பாலத்துக்கு மேலும் கீழும் குளிர்காற்று படுவதால் அங்கே முதலில் உறையும். காலை பத்துக்குக் கிளம்பி இரண்டரைக்குள் திரும்பிவிடுங்கள்.

பின்சீட்டு:
ரெண்டு பிள்ளைகளின் அம்மாவாகச் சொல்கிறேன். தடிமனான பனி ஜாக்கெட்டோடு சைல்டு சீட்டில் உட்காரவைத்து பெல்ட் போடாதீர்கள். மோதினால் ஜாக்கெட்டுக்குள் இருக்கும் பஞ்சு நசுங்கி பெல்ட் தொளதொளவென்று ஆகிவிடும். பெல்ட்டை உடம்போடு ஒட்டிப் போட்டுவிட்டு, ஜாக்கெட்டை அதன் மேல் முன்பின்னாகத் திருப்பிப் போர்த்துங்கள்.

வாந்திக்கு: பெரியவளுக்கு முன் கண்ணாடி வழியாகச் சாலை தெரிய வேண்டும். புத்தகமும் போனும் கூடாது. ஹீட்டரைக் குறைத்து வையுங்கள், சூடான மூடிய கார்தான் பாதி குமட்டலுக்குக் காரணம். மருந்து என்றால் டாக்டரிடம் கேட்டுவிட்டு.

இன்னொன்று, காட்சி அழகாக இருக்கிறதே என்று சாலையோரம் ஒதுக்காதீர்கள்! ஓரத்தில் சமதளம் மாதிரி தெரிவது, பனி அள்ளும் வண்டி பள்ளத்தின் மேல் தள்ளிவிட்ட பனியாக இருக்கலாம். சக்கரம் ஏறியதும் புதையும். பனி அள்ளிய வாகன நிறுத்தங்களை முன்கூட்டியே மேப்பில் குறித்துக்கொண்டு அங்கே மட்டும் நில்லுங்கள். அம்மா நடக்கவும் அதுதான் வசதி, மற்ற இடமெல்லாம் வழுக்கும்.

நட்டுபோல்ட்டு:
வண்டியை எடுக்கும்போதே குனிந்து டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். மூன்று சிகரமுள்ள மலைக்குள் பனிப்பூ பொறித்திருக்க வேண்டும். அதுதான் பனியில் சோதித்துத் தேறிய டயர். வெறும் 'எம் பிளஸ் எஸ்' (M+S, சேறும் பனியும் என்று பொருள்) எழுத்தை மட்டும் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நாலு சக்கர இழுவை வண்டிக்கு மாற்றித் தருகிறோம் என்று ஆசை காட்டினாலும் டயரையே பாருங்கள். நாலு சக்கர இழுவை கிளம்ப உதவும், நிற்க உதவாது.

பனியில் பிடிமானத்துக்காக டயரைச் சுற்றி மாட்டும் செயினை உங்கள் வண்டிக்கு முன்சக்கரத்தில் போட வேண்டும். வெளிச்சத்தில், காய்ந்த தரையில் ஒரு முறை மாட்டிப் பழகுங்கள். விரல் விறைத்த நிலையில் கையேட்டைப் புரட்ட முடியாது. மாட்டிக் கொஞ்ச தூரம் போனதும் இறங்கி மறுபடி இறுக்குங்கள். வேகம் 50-ஐத் தாண்டக் கூடாது, கையேட்டில் குறைவாகப் போட்டிருந்தால் அதுதான் கணக்கு. வாடகை ஒப்பந்தத்தில் செயினுக்கும் மண்சாலைக்கும் அனுமதி உண்டா என்று படித்துவிடுங்கள்.

எங்காவது பனியில் மாட்டி நின்றால், ஹீட்டருக்காக எஞ்சினைப் போடுமுன் சைலன்சர் குழாயைச் சுற்றிப் பனியை அகற்றுங்கள். அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், வாசனையே தெரியாது. மணிக்குப் பத்து நிமிடம் ஓடவிட்டு, ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்தால் போதும். போர்வை, தண்ணீர், டார்ச், ஒரு சின்ன மண்வாரி காருக்குள் இருக்கட்டும்.

சாளரம்:
எல்லோருக்கும் நன்றி. பேருந்து அட்டவணையைப் பார்த்தேன், கணவாய்ப் பக்கம் அக்டோபரோடு சரி. படத்தில் கம்பமும் இருக்கிறது, கிட்டத்தட்ட காரின் இரண்டு மடங்கு உயரம்! அந்தச் சுற்றுவழியை அழித்துவிட்டேன்.

வேறு ஒன்று கிடைத்தது. பள்ளத்தாக்கோடு ஏரி வரை போகும் சாலை, போக 28 கிலோமீட்டர், ஏற்றம் 250 மீட்டர்தான். குளிர்காலத்திலும் பேருந்து உண்டு. நடுவில் இரண்டு வாகன நிறுத்தங்கள். பத்து மணிக்குப் புறப்பாடு, அதே வழியில் திரும்பல். ஏரிக்குக் கொஞ்சம் முன்னால் மூன்று கொண்டை ஊசி வளைவுகள். திரும்பும்போது அங்கே இறக்கம், ஆட்டோமேட்டிக்கில் 'டி'-யிலேயே விடலாமா?

டீசல்புகை:
இதுதான் வழி, போயிட்டு வாங்க. இறக்கத்துல 'டி' வேண்டாம் அக்கா. 'எல்' (லோ கியர்) இருந்தா அதுக்கு மாத்துங்க, இல்லன்னா மேனுவல் மோடுல ரெண்டாவது கியர். வளைவுக்கு முன்னால, நேரா இருக்குறப்பவே மாத்திடணும், வளைவுக்குள்ள போய் மாத்துனா சக்கரம் சறுக்கும். பிரேக்கும் அப்படியே, நேர்ல மெதுவா மிதிச்சு வேகத்தைக் குறைச்சுட்டு வளைவுல காலை எடுத்துடுங்க. பெடல் கடகடன்னு அதிர்ந்தா பயந்து விட்டுடாதீங்க, சக்கரம் பூட்டிக்காம தடுக்குற ஏபிஎஸ் வேலை செய்யுது, அழுத்திப் பிடிங்க.

எதிர்ல வண்டி ஏறி வந்தா, அகலமான இடத்துல நீங்க நின்னு வழி விடுங்க. ஐஸ் ஏத்தத்துல ஒரு தடவை நின்னா அவங்களால மறுபடி கிளம்ப முடியாது.

நட்டுபோல்ட்டு:
காலையில் டயர் காற்று விளக்கு எரிந்தால் பதறாதீர்கள். வெப்பம் 5, 6 டிகிரி இறங்கினால் அழுத்தமும் சுமார் 1 பிஎஸ்ஐ இறங்கும். ஓட்டத் தொடங்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்கு நிரப்பிவிடுங்கள். பனிக்காகக் காற்றைக் குறைக்கச் சொல்வார்கள் சிலர், கேட்காதீர்கள்.