கனடாவின் அட்லாண்டிக் கரைச் சிறு பதிப்பகங்களின் புத்தகங்களை வெளிவர முன்னமே அறிவது எப்படி?

கரையோரத்தாள் (சென்ட் ஜோன்ஸ், நியூஃபவுண்ட்லாந்து):

வணக்கம். ஸ்காபரோவில் பதினெட்டு வருசம் இருந்துபோட்டு, போன ஆவணியில்தான் வேலை மாறி இங்கே வந்தேன். இந்தக் கரையை எங்கட ஆக்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1986 ஆவணியில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை ஏற்றிக் காப்பாற்றினது இந்தத் தீவு மீனவர்கள்தான். அம்மா சொல்லிச் சொல்லிக் கேட்ட கதை. இப்ப அவர்களுக்கு நடுவில் இருக்கிறேன். இந்த மக்கள் தங்களைப் பற்றி என்ன எழுதுகிறார்கள் எண்டு வாசிக்க வேணும் போல இருக்கு.

ஷரன் பாலாவின் ‘த போட் பீப்பிள்’ நாவல் (2018) ஸ்காபரோவிலேயே கையில் கிடைத்தது. அவர் வாழ்வது இந்த ஊரில், ஆனால் புத்தகம் போட்டது ரொறன்ரோவில் உள்ள பெரிய பதிப்பகம். இங்குள்ள பிரேக்வாட்டர், ஃபிளாங்கர் பதிப்பகங்களின் புத்தகம் ஒண்டுகூட அங்கே என் கண்ணில் பட்டதில்லை. போன மாதம் வானொலியில் ஒரு கவிதைத் தொகுப்பைப் பற்றிக் கேட்டுவிட்டுக் கடைக்கு ஓடினேன். “அது போன வருசம் வந்தது, மிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிட்டோம்” எண்டார்கள். பதிப்பகத்திலும் கையிருப்பு இல்லை. வெளிவர முன்னமே தெரிந்துகொள்ள வழி இருக்கா?

பழைய நூலகர் (வினிபெக்):

தங்கச்சி, நான் பொது நூலகம் ஒன்றில் புத்தகம் கொள்வனவு செய்யும் பகுதியில் 22 வருசம் இருந்தவன். பருவப் பட்டியலை, அதாவது பதிப்பகம் அடுத்து விடப்போகும் புத்தகங்களின் பட்டியலைப் பிடியுங்கோ. இங்குள்ள பதிப்பகங்கள் வருசத்தை வசந்தம், இலையுதிர்காலம் எண்டு பிரித்துத்தான் புத்தகம் விடும். இலையுதிர்காலப் பட்டியல் கோடை பிறக்க முன்னமே வந்துவிடும். கடைக்காரரும் நூலகங்களும் அதைப் பார்த்துத்தான் ஓடர் போடுவார்கள். அதில் ஒளிவுமறைவு ஒண்டுமில்லை, பதிப்பகத்தின் இணையத்தளத்தில் எவரும் இறக்கிப் பார்க்கலாம்.

உங்களுக்கு நடந்தது இந்தத் தொழிலின் வழமை. விற்காத பிரதியைக் கடை திருப்பி அனுப்பலாம், அதனால் அலமாரியில் ஒரு புத்தகத்தின் ஆயுள் சில மாதம்தான். சிறு பதிப்பகம் அச்சிடுவதே சில நூறு பிரதி. 2010-இல் கனடாவின் புனைகதைக்கான கில்லர் பரிசு பெற்ற ‘த சென்டிமென்டலிஸ்ட்ஸ்’ நாவலை யோசித்துப் பாருங்கோ. நோவா ஸ்கோஷியாவின் கென்ட்வில் எண்ட சின்ன ஊரில் கஸ்பரோ பிரஸ் அதைத் தன் சொந்த அச்சகத்தில் செய்தது. முதல் பதிப்பு 800 பிரதி. பரிசு அறிவித்ததும் நாடு முழுக்கத் தேடியது, கடையில் புத்தகம் இல்லை. கிழமைக்கு ஆயிரம் பிரதிக்கு மேல் அவர்களால் செய்ய ஏலாது. பிறகு வன்கூவர் பதிப்பகம் ஒன்றோடு சேர்ந்துதான் பெரிய அளவில் அச்சிட்டார்கள். எங்கட நூலகத்தில் அந்த முதல் பதிப்பில் ஒரு பிரதி இருந்தது, 2009-இல் பட்டியலைப் பார்த்து நான் போட்ட ஓடர். இண்டைக்கும் அதை நினைத்தால் சந்தோசம்.

முன்பதிவு செய்யப் பஞ்சிப்படாதேங்கோ. எத்தனை பிரதி அடிக்கிறது எண்டு பதிப்பகம் கணக்குப் போடும்போது உங்கட ஒரு பிரதியும் அதில் சேரும்.

புல்வெளி வாசகன் (சஸ்கட்டூன்):

ஐயா சொன்னது சரி. ஆனால் எடுத்த எடுப்பில் பத்துப் பதிப்பகங்களின் பட்டியலைத் திறந்தால் மலைப்பாக இருக்கும். நான் மதுரையிலிருந்து இங்கே வந்த புதிதில் அப்படித்தான் சலித்து விட்டுவிட்டேன். உங்கள் பக்கத்துக்கு ஹாலிஃபாக்ஸிலிருந்து வரும் ‘அட்லாண்டிக் புக்ஸ் டுடே’ இதழ் போதும். பிரேக்வாட்டர், ஹாலிஃபாக்ஸின் நிம்பஸ், ஃபிரெடரிக்டனில் 1954 முதல் இயங்கும் கூஸ் லேன் எல்லாம் அதில் வந்துவிடும். நாடு முழுக்கப் பார்க்க ‘49த் ஷெல்ஃப்’ இணையத்தளம்.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். எங்கள் மாகாணத்தின் கோட்டோ புக்ஸ் பதிப்பகம் 2020-இல் மூடிவிட்டது. அவர்கள் பட்டியலில் நான் குறித்து வைத்து, அப்புறம் வாங்கலாம் என்று தள்ளிப்போட்ட சிறுகதைத் தொகுப்புகள் இரண்டு. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

வடக்கத்தியான் (இக்காலுவிட்):

அக்கா, வடக்கையும் ஒருக்கால் பாருங்கோ. இந்த வடக்கின் பழங்குடிகளான இனுயிட் மக்களே நடத்தும் இன்ஹபிட் மீடியா பதிப்பகம் இங்கேதான் இருக்கு. தங்கட மொழியான இனுக்டிடுட்டிலும் ஆங்கிலத்திலும் சிறுவர் புத்தகம் போடுகிறார்கள். இனுக்டிடுட் எழுத்தில் ஒரு மெய்க்கு ஒரு வடிவம். அதைத் திருப்பி வைத்தால் உயிர் மாறும். “எங்கட உயிர்மெய் மாதிரித்தானே அப்பா” எண்டு என் மகள் கேட்டாள். அவளுக்கு ஏழு வயது. அதற்குப் பிறகு அவர்களின் புதுப் பட்டியல் எப்ப வரும் எண்டு அவள்தான் கேட்பாள்.

கரையோரத்தாள்:

எல்லாருக்கும் நன்றி. நேற்றிரவே பிரேக்வாட்டர் பட்டியலை இறக்கி, மூன்று புத்தகத்துக்குக் கடையில் பெயர் கொடுத்தேன். கடைக்காரப் பெண், ரோர்ஸ் கோவ் எண்ட கரையோரக் கிராமத்தில் ‘ரன்னிங் த கோட்’ எண்டு ஒரு பதிப்பகம் கைஅச்சு இயந்திரங்களோடு இருக்கு, கட்டாயம் போய்ப் பாருங்கோ எண்டார். வார இறுதியில் போகிறேன்.

அண்ணை, இன்னொரு சந்தேகம். நூலகத்துக்குப் புத்தகம் பரிந்துரைக்கும் படிவத்தில் ஐஎஸ்பிஎன், அதுதான் புத்தகத்தின் அடையாள எண், கேட்கிறார்கள். வராத புத்தகத்துக்கு எங்கே போவது?

பழைய நூலகர்:

பட்டியலிலேயே இருக்கும் தங்கச்சி. விலைக்குப் பக்கத்தில் 978 எண்டு தொடங்கும் 13 இலக்கம். இந்த நாட்டில் பதிப்பகத்துக்கு அந்த எண் இலவசம், அதனால் அச்சுக்குப் போக முன்னமே எடுத்து வைத்திருப்பார்கள். படிவத்தில் வெளிவரும் மாதத்தையும் எழுதுங்கோ. ரோர்ஸ் கோவ் போய்வந்து அங்கே என்ன கண்டீர்கள் எண்டு இங்கே எழுதுங்கோ, நான் அந்தப் பக்கம் போனதேயில்லை.