பின்கட்டு படுக்கையறைக்கு வைஃபை ரேடியோ: எதைப் பார்த்து வாங்குவது?

வெண்ணாறு:

வணக்கம். கும்பகோணம் பக்கம் பழைய ஓட்டு வீடு. ரூட்டர் முன்கூடத்தில் இருக்கிறது. ரேடியோ வைக்க வேண்டிய அறை முற்றம் தாண்டி இரண்டாம் கட்டில். கேட்கப் போவது அப்பா, வயது 74. காலை 5 மணிக்குத் தானாகப் பாட வேண்டும், இரவு அரை மணி நேரத்தில் தானாக அணைய வேண்டும். அவர் கேட்பது திருச்சி வானொலி, காரைக்கால் எஃப்எம், கச்சேரிக்கு அகில இந்திய வானொலியின் (ஏஐஆர்) ராகம். பிபிசி தமிழோசை வருமா என்றும் கேட்கிறார்.

லண்டனில் இருக்கும் தங்கை அங்கிருந்து டிஏபி ப்ளஸ் (டிஜிட்டல் வானொலி), இன்டர்நெட் ரேடியோ, எஃப்எம் மூன்றும் உள்ள செட் ஒன்றை அனுப்புவதாகச் சொல்கிறாள். அது இங்கே வேலை செய்யுமா? அகில இந்திய வானொலி நிலையங்கள் அதில் வருமா? ஐப்பசி, கார்த்திகையில் கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் இது சரிப்படுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அரசலாறு:

செட்டின் சத்தம், மரப்பெட்டி அழகு எல்லாம் அப்புறம். அப்பா கேட்கும் நிலையம் அந்த செட்டில் ஓடுமா என்பதை முதலில் பாருங்கள். பலரும் இதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள்.

இன்டர்நெட் ரேடியோ தானாக நிலையம் தேடுவதில்லை. எங்கோ ஒரு நிறுவனம் வைத்திருக்கும் பட்டியலைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள முகவரியைத் திறக்கிறது. அந்தப் பட்டியல் சேவை நின்றால் நல்ல நிலையில் இருக்கும் செட்டும் ஊமை. ரெசிவா என்ற பட்டியல் சேவை 2021-ல் மூடப்பட்டது. அதை நம்பியிருந்த செட்கள் அத்தோடு முடங்கின. 2019-ல் ஃபிரான்டியர் என்ற நிறுவனத்தின் சிப் உள்ள செட்கள் விட்யூனர் பட்டியலிலிருந்து ஏரபிள் பட்டியலுக்கு மாறியபோது பலருக்குச் சேமித்து வைத்த நிலையங்கள் அழிந்தன. அதனால் பழைய செட் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கும் முன், அது எந்தப் பட்டியலில் ஓடுகிறது, அந்தப் பட்டியல் இன்றும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். முகவரியை நாமே சேர்க்க வழி இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. சில செட்களில் செட்டின் ஐபி முகவரியை வீட்டு கம்ப்யூட்டரின் பிரவுசரில் அடித்தால் ஒரு பக்கம் திறக்கும், நிலையத்தின் பெயரையும் முகவரியையும் அங்கேயே சேர்க்கலாம். இந்த வசதி உள்ள செட்டுக்கு நான் கூடுதல் பணம் கொடுக்கச் சொல்வேன்.

அடுத்து ஒலிபரப்பின் வகை. அகில இந்திய வானொலி இணையத்தில் தருவது எச்எல்எஸ் வகை, அதாவது எம்3யு8 என்று முடியும் முகவரி. பாட்டை சில நொடித் துண்டுகளாக வெட்டி அனுப்பும் முறை அது. பழைய செட்கள் எம்பி3 ஓட்டும், நேரடி ஏஏசி ஓட்டும். எச்எல்எஸ் வந்தால் 'இணைக்கிறது' என்று காட்டிக்கொண்டே நிற்கும். பட்டியலில் நிலையத்தின் பெயர் இருக்கும், சத்தம் வராது. எச்டிடிபிஎஸ் என்று தொடங்கும் பாதுகாப்பான முகவரியைத் திறக்க முடியாத செட்களும் உண்டு, அங்கேயும் இதே கதைதான்.

வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். கம்ப்யூட்டர் பிரவுசரில் அகில இந்திய வானொலியின் நேரலைப் பக்கத்தைத் திறந்து எஃப்12 அழுத்துங்கள். 'நெட்வொர்க்' பகுதியில் எம்3யு8 என்று வடிகட்டிவிட்டு நிலையத்தை ஓட விட்டால் முகவரி வந்து நிற்கும். அதை விஎல்சி பிளேயரில் கன்ட்ரோல்-என் அழுத்தி ஒட்டுங்கள். ஓடும்போது கன்ட்ரோல்-ஜே அழுத்தினால் எந்த கோடெக், அதாவது எம்பி3, ஏஏசி போல ஒலியைச் சுருக்கும் எந்த முறை என்று தெரியும். இந்த விவரத்தை செட்டின் கையேட்டோடு ஒப்பிடுங்கள். கையேட்டில் எச்எல்எஸ் என்ற எழுத்தே இல்லையென்றால், ஓடாது என்றே வைத்துக்கொள்ளலாம்.

லண்டன் செட்: டிஏபி நம் ஊரில் கிடையாது. அந்தப் பொத்தான் இங்கே சும்மா கிடக்கும். எஃப்எம் நன்றாக வேலை செய்யும், காரைக்கால் 100.3-க்கு இணையமே வேண்டாம். அடாப்டரில் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் போதும், சதுரக் காலுக்கு மாற்று பிளக் போட்டுக்கொள்ளலாம். ஆனால் கடிகாரத்தைக் கவனியுங்கள். 'நேரம் எங்கிருந்து எடுக்க' என்ற இடத்தில் டிஏபி என்று இருந்தால் நெட்வொர்க் என்று மாற்றுங்கள், நேர மண்டலம் +5:30, கோடைகால நேரம் 'ஆஃப்'. இதை விட்டால் அலாரம் நாலரை மணி நேரமோ ஐந்தரை மணி நேரமோ தள்ளி அடிக்கும்.

இன்னொன்று. இந்த வகை செட்களில் மத்திய அலை (மீடியம் வேவ்) அநேகமாக இருக்காது. அப்பா திருச்சியை மத்திய அலை 936 கிலோஹெர்ட்ஸில் கேட்டுப் பழகியவர் என்றால், இனி அது இணையம் வழியாகத்தான். அதில் அரை நிமிடமோ அதற்கு மேலோ தாமதம் உண்டு. செய்திக்கு முன் வரும் நேர ஒலியை வைத்துக் கடிகாரம் திருத்த வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். தமிழோசை வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-உடன் நின்றுவிட்டது, பட்டியலில் தேட வேண்டாம்.

வெட்டாறு:

நிலையம் பத்தி அரசலாறு சொல்லிட்டார். நான் சுவரைப் பத்தி மட்டும் சொல்றேன்.

பழைய வீட்டுச் சுவர் ஒன்றரைக் கல் கனம், பூச்சோட ஒண்ணேகால் அடி வரும். கூடத்துலேர்ந்து பின்கட்டுக்கு அப்படி ரெண்டு மூணு சுவர். ரூட்டர் அனுப்புற ரெண்டு அலைவரிசையில 5 கிகாஹெர்ட்ஸ் அங்கே போய்ச் சேரவே சேராது, 2.4-தான் கதி. பல ரேடியோ செட்டுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். ரூட்டர்ல ரெண்டுக்கும் ஒரே பேர் வெச்சிருந்தா முதல்ல பிரிச்சு 2.4-க்குத் தனிப் பேர் கொடுங்க. பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும்னு இருந்தா செட் சேராது, டபிள்யூபிஏ2 வையுங்க. சேனல் 1, 6, 11-ல ஒண்ணு, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். பாஸ்வேர்டைக் குமிழ் திருகித் திருகி ஒவ்வொரு எழுத்தா அடிக்கணும், அதனால நீளமா இருந்தாலும் குறியீடெல்லாம் இல்லாம ஒண்ணு வெச்சா கை வலிக்காது.

செட் வர்றதுக்கு முன்னாடியே போன்ல வைஃபை அளக்குற ஆப் போட்டு, ரேடியோ வைக்கப் போற இடத்துலயே வெச்சுப் பாருங்க, கதவைச் சாத்திட்டு. -65 டிபிஎம் (சிக்னல் பலத்தோட அளவு) பக்கம் வந்தா நிம்மதி. -75-ஐத் தாண்டினா பாட்டு விட்டு விட்டு வரும். செட்டோட ஆன்டெனா போனைவிடச் சின்னதா இருக்கும், அதுக்கு ஒரு அஞ்சு கழிச்சுக்குங்க.

சிக்னல் பத்தலைன்னா தாழ்வாரத்துல ஒரு ரிப்பீட்டர் போதும். ரிப்பீட்டர் வேகத்தைப் பாதியாக்கும்னு பயமுறுத்துவாங்க. படம் பாக்குறவங்களுக்கு அது கஷ்டம். ரேடியோவுக்கு வேண்டியது 128 கேபிபிஎஸ், அதுல பாதி போனாலும் மிச்சம் மலை மாதிரி இருக்கும். ஆனா ரிப்பீட்டரைப் படுக்கையறைக்குள்ள வைக்காதீங்க, அங்கே சிக்னலே இல்லைன்னா அது எதைத் திருப்பி அனுப்பும்? நடுவுல, சாரல் படாத இடத்துல. இரும்பு பீரோ குறுக்கே நிக்காம.

மாடக்குழிக்குள்ள ரேடியோவை வைக்க ஆசை வரும், அளவா இருக்கும். வேண்டாம். மூணு பக்கமும் சுவர் அடைச்சு சிக்னல் குறையும், அடிக்குரல் கும்முனு ஆகி மிருதங்கமும் தவிலும் ஒண்ணு மாதிரி கேட்கும். ஸ்டூல் மேல, சுவர்லேர்ந்து ஒரு சாண் தள்ளி.

வெண்ணாறு:

இருவருக்கும் நன்றி. அறையில் அளந்தேன்: கதவு திறந்திருந்தால் -74, சாத்தினால் -79. தாழ்வாரத் தூண் பக்கம் -61. ஏஐஆர் ராகம் விஎல்சி-யில் ஓடுகிறது, எச்எல்எஸ்தான், ஏஏசி. தங்கை சொன்ன செட்டின் கையேட்டில் எச்எல்எஸ் என்று போட்டிருக்கிறது. மாதம் எவ்வளவு டேட்டா போகும்? கரண்ட் விஷயம் யாரும் சொல்லவில்லையே.

குடமுருட்டி:

டேட்டா கணக்கு எளிது. 128 கேபிபிஎஸ் என்றால் மணிக்கு 57.6 எம்பி. 64 என்றால் 28.8. நாளுக்கு மூன்று மணி நேரம் கேட்டாலும் மாதம் 5 ஜிபி சொச்சம்தான். ஃபைபர் இணைப்பில் இதைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் விடிய விடிய ஓடவிட்டால் மட்டும் உறைக்கும்: எட்டு மணி நேரத்துக்கு 460 எம்பி.

கரண்ட் போவதைவிடத் திரும்பி வருவதுதான் தொல்லை. ரேடியோவும் ரூட்டரும் ஒரே நொடியில் உயிர் பெறுகின்றன. ரேடியோ சில நொடிகளில் தயாராகி வைஃபையைத் தேடும். ரூட்டருக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். ஒருமுறை தேடிவிட்டுக் கைவிடும் செட் என்றால் அப்படியே நின்றுவிடும். நள்ளிரவில் இது நடந்தால் காலை 5 மணிக்குக் கடிகாரமே சரியாக இருக்காது, அலாரமும் இல்லை. முதியவர் என்ன செய்வார், பொத்தான்களை மாற்றி மாற்றி அழுத்துவார்.

மருந்து: ரூட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ், அதாவது கரண்ட் போனாலும் ரூட்டரை ஓட்டும் சின்ன பேட்டரிப் பெட்டி. ரூட்டர் அடாப்டரில் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா என்று படித்துவிட்டு அதே வோல்ட் வெளியீடு உள்ளதை வாங்குங்கள், பின்னின் தடிமனும் நடு முனை ப்ளஸ் என்பதும் பொருந்த வேண்டும். பெட்டியில் 10,400 எம்ஏஎச் என்று இருந்தால் அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்களின் கணக்கு. 38 வாட்-அவர் சொச்சம், மாற்றுவதில் வீணாவது போக 30 என்று வையுங்கள். ரூட்டர் 8 வாட் இழுத்தால் மூன்றரை மணி நேரம் தாங்கும். தாழ்வார ரிப்பீட்டர் சுவர் பிளக்கில் நேராகக் குத்தும் வகை என்றால் அதற்கு இந்த யுபிஎஸ் உதவாது. அதனால் அடாப்டரில் ஓடும் வகையை வாங்குங்கள்.

யுபிஎஸ் இருந்தும் நெட் போனால் குறை வெளியே. வீடு வரை ஃபைபர் வந்தால் நடுவில் கரண்ட் வேண்டியதில்லை, ஆபரேட்டரின் அறையில் இருந்தால் போதும். கம்பத்துப் பெட்டியில் ஸ்விட்ச் வைத்து லேன் கேபிள் இழுத்திருந்தால், அந்தத் தெருவில் கரண்ட் போனதும் நெட்டும் போகும். ஆபரேட்டரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

செட் கைக்கு வந்ததும் மூன்று சோதனை. ரூட்டரை அணைத்துவிட்டு ஐந்து நிமிடத்தில் அலாரம் வையுங்கள். நிலையம் கிடைக்காவிட்டால் செட் 'பீப்' ஒலியாவது கொடுக்க வேண்டும். அடுத்து, ரேடியோவின் அடாப்டரைப் பத்து நிமிடம் பிடுங்கிவிட்டுச் சொருகி, கடிகாரமும் அலாரமும் மிஞ்சுகிறதா பாருங்கள். மூன்றாவது, வீட்டு மெயினையே அணைத்துப் போட்டு, ஐந்து நிமிடம் கழித்துத் தொடாமல் பாடுகிறதா பாருங்கள். மூன்றாவதில் தோற்கும் செட்டை யுபிஎஸ் இல்லாமல் வைக்காதீர்கள்.

இன்னொரு வழி, அலாரத்தையே எஃப்எம்முக்கு வைத்துவிடுவது. கஜா புயல் மாதிரி ஒன்று வந்து நெட், டவர் எல்லாம் படுத்தாலும் எஃப்எம் ஒலிபரப்பு இருக்கும் வரை செட் பேசும். 2018 நவம்பருக்குப் பிறகு டெல்டாவில் எஃப்எம் இல்லாத ரேடியோவை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது. பேட்டரி போட இடம் உள்ள செட் என்றால் இன்னும் நல்லது.

கொள்ளிடம்:

தனி செட் எதற்கு? மேசை டிராயரில் கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு போன், ஒரு சின்ன ஸ்பீக்கர், அகில இந்திய வானொலியின் நியூஸ் ஆன் ஏர் ஆப். எச்எல்எஸ் தொல்லையே இல்லை. எப்போதும் சார்ஜில் கிடந்தால் பேட்டரி உப்பும், அதனால் டைமர் பிளக் போட்டு நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் சார்ஜ்.

சால்டரிங் தெரிந்தவர் என்றால் ஈஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள சின்ன கம்ப்யூட்டர் போர்டு), மேக்ஸ் 98357ஏ ஆம்ப், 4 ஓம் 3 வாட் ஸ்பீக்கர். ஆம்புக்கும் போர்டுக்கும் மூன்றே சிக்னல் ஒயர், பிறகு 5 வோல்ட்டும் எர்த்தும். பிஎஸ்ரேம் (கூடுதல் நினைவகம்) உள்ள போர்டாகப் பார்த்து வாங்குங்கள், எச்டிடிபிஎஸ்-சும் ஏஏசி-யும் சேர்ந்தால் சாதா போர்டில் நினைவகம் பற்றாது. 5 வோல்ட் 2 ஆம்ப் அடாப்டர், ஆம்பின் காலருகே 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். இது இல்லாவிட்டால் சத்தம் கூடும்போது வோல்ட் இறங்கி போர்டு ரீஸ்டார்ட் ஆகும்.

அரசலாறு:

கொள்ளிடம் சொல்வது வேலை செய்யும், ஆனால் 74 வயதுக்காரரின் தலைமாட்டுக்கு அதைச் சொல்ல மாட்டேன். இருட்டில் கண்ணாடி போடாமல் தொடுதிரையில் ஆப் தேட முடியாது. ஆப் தன்னைப் புதுப்பித்துக்கொண்டால் பொத்தான்கள் இடம் மாறும். அவருக்கு வேண்டியது விரலுக்குத் தட்டுப்படும் நாலு பொத்தான்: ஒன்று திருச்சி, இரண்டு ராகம், மூன்று காரைக்கால், நாலு அணைக்க.

வெண்ணாறு, கையேட்டில் எச்எல்எஸ் இருப்பதால் லண்டன் செட்டையே வரவழையுங்கள். தாழ்வாரத்தில் -61 இருக்கிறது, ரிப்பீட்டருக்கு அந்தத் தூண் பக்கமே சரியான இடம். அனுப்பும் முன் தங்கையைக் கடையில் இரண்டு விஷயம் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று, திரை வெளிச்சத்தை முழுக்க அணைக்க முடிகிறதா. பல செட்களில் 'குறைவு' என்பதே கொசுவலைக்குள் படிக்கும் அளவு வெளிச்சம். இரண்டு, வால்யூம் 1-ல் எவ்வளவு சத்தம். சிலவற்றில் 0-க்கு அடுத்த படியே பக்கத்து அறை வரை கேட்கும். ஸ்லீப் டைமரில் 30 நிமிடம் இருக்கிறதா, அலாரத்துக்குத் தனி வால்யூம் உண்டா என்றும் அப்போதே பார்த்துவிடலாம். செட் வந்ததும் முதல் முறை அமைக்கும்போது நாடு இந்தியா என்று கொடுங்கள், ராகத்தை ஓடவிட்டு இரண்டாம் பொத்தானை சில நொடி அழுத்திப் பிடியுங்கள், சேமித்ததாகத் திரையில் வரும். அதன்பின் குடமுருட்டியின் மூன்று சோதனை.